தாடை வலிக்கிறதா? கை வைக்கும் முன் ஒரு கேள்வி!

ஆடி மாசத்தில் எங்கள் அந்தியூருக்கு வந்து பாருங்கள். குருநாதசாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் குதிரைச் சந்தையில், வாங்க வந்தவர் முதலில் குதிரையின் வாயைத் திறந்து பல்லைத்தான் பார்ப்பார். அதை வைத்தே வயசைச் சொல்லிவிடுவார்!

என் வைத்தியசாலையிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். “வாயை நல்லாத் திறங்க, பார்க்கலாம்” என்பேன். எவ்வளவு திறக்கிறது, எந்தப் பக்கம் கோணுகிறது, ‘டொக்’கென்று சத்தம் வருகிறதா... இந்த மூன்றையும் கவனித்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

சமீபத்தில் ஓர் அம்மா வந்தார். நாற்பது வயசிருக்கும்.

“ஏனுங்க டாக்டர், ரெண்டு மாசமா காதுக்குள்ள குத்துதுங்க. காது டாக்டர் காதுல ஒண்ணுமில்லைங்கறாரு. பல் டாக்டர் பல்லு நல்லாத்தான் இருக்குதுங்கறாரு. அப்புறம் எனக்கு எங்கதானுங்க வலிக்குது?”

சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. கூட வந்த கணவரிடம் கேட்டேன்: “ராத்திரி தூக்கத்துல இவங்க பல்லைக் கடிக்கிறாங்களா?”

“அதை ஏனுங்க கேக்கறீங்க! நறநறங்கற சத்தத்துல நானே முழிச்சுக்கறனுங்க.”

மகள் பிளஸ் டூ. மாமியார் பக்கவாதத்தில் படுக்கையில். ஒரு வார்த்தை வெளியில் சொல்லாமல் எல்லாவற்றையும் தாங்குகிறவர். ‘பல்லைக் கடிச்சுட்டுப் பொறுத்துக்கோ’ என்று நாம் சும்மா சொல்வதில்லை. மனசு பொறுப்பதைத் தாடை சுமக்கிறது!

வேஷம் போடும் வலி

காதுக்குச் சற்று முன்னால் விரலை வைத்து, வாயைத் திறந்து மூடுங்கள். உள்ளே ஒன்று அசைகிறதல்லவா? அதுதான் தாடை மூட்டு. இப்போது கன்னத்தில் உள்ளங்கையை வைத்துப் பல்லை இறுக்கிக் கடியுங்கள். கல் மாதிரி ஒன்று புடைக்கும். அது மெல்லும் தசை. நெற்றிப் பொட்டிலும் இதே போல ஒரு தசை புடைக்கும். நாள் முழுக்க இந்தத் தசைகள் இறுகியே இருந்தால் வலிக்காமல் என்ன செய்யும்?

மூட்டு காதை ஒட்டியே இருப்பதால், இந்த வலி சில சமயம் காதுவலி போலவும், பல்வலி போலவும், ஒற்றைத் தலைவலி போலவும் வேஷம் போடும். ஆண்களைவிடப் பெண்களுக்கு, அதிலும் இருபதிலிருந்து நாற்பது வயசுக்குள் இருப்பவர்களுக்கு, இது அதிகம்.

முதல் கேள்வி

எண்ணெயை எடுப்பதற்கு முன்னால் நான் தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: “படி ஏறும்போதோ வேகமா நடக்கும்போதோ வலி வந்து, உட்கார்ந்தா நிக்குதுங்களா?”

இந்தக் கேள்வியை எனக்குக் கல்லூரி கற்றுத்தரவில்லை. என் தப்பு கற்றுத்தந்தது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு ஜவுளி வியாபாரி வந்தார். இடது தாடையில் வலி என்றார். கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ‘வாதம்தான்’ என்று தைலம் கொடுத்து அனுப்பினேன். மாடிப்படி ஏறும்போதுதான் அந்த வலி வருகிறது என்பதை நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. மூன்றாம் நாள் மாரடைப்பு. கடவுள் புண்ணியத்தில் பிழைத்துக்கொண்டார். ஆனால் அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இதய வலி நெஞ்சில்தான் வரவேண்டும் என்பதில்லை. தாடையிலும் வரலாம், தோளிலும் வரலாம். நடந்தால் வந்து, நின்றால் போகிற தாடை வலி என்றால் அன்றைக்கே இ.சி.ஜி. எடுத்துப் பாருங்கள். வியர்வை, மூச்சுத்திணறல், வாந்தி உணர்வு சேர்ந்தால் வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம். 108-க்குப் போன் செய்யுங்கள்.

இன்னும் சில இடங்களிலும் கை வைக்கக் கூடாது. வீக்கமும் காய்ச்சலும் இருந்தால் பல் மருத்துவரைப் பாருங்கள். முகத்தில் மின்சாரம் பாய்ந்தது போல ‘சுரீர்’ என்று வந்து போனால் அது நரம்பு வலியாக இருக்கலாம். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு மெல்லும்போது தாடை வலித்து, நெற்றிப் பொட்டும் வலித்து, பார்வையும் மங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தாமதித்தால் கண் பார்வையே போய்விடக்கூடும்.

வெற்றிலைக்குப் பேர் போன எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தனியாக ஒன்று. வெற்றிலையோடு சேர்கிற பாக்கும் புகையிலையும்தான் வில்லன்கள். பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-லேயே சொல்லிவிட்டது. நடுமூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வாய்க்குள் விட்டுப் பாருங்கள். விரல்கள் நுழையாமல், காரம் பட்டால் வாயும் எரிந்தால், அது தசை இறுக்கமல்ல. பாக்கால் வாயின் உள்தோல் இறுகிப்போகும் நோயாக இருக்கலாம். அதை எந்தத் தைலமும் இளக்காது.

இனி, எண்ணெயை எடுக்கலாம்

மேலே சொன்னது எதுவுமில்லை, வெறும் தசை இறுக்கம்தான் என்றால் பயமே வேண்டாம். சித்த மருத்துவத்தின் முப்பத்திரண்டு புறமருந்துகளில் ஒற்றடம் ஒன்று, தொக்கணம் இன்னொன்று. தொக்கணத்தில் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என ஒன்பது வகை. முகத்துக்கு வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது மென்மையான அழுத்தல் மட்டுமே. முறுக்கலும் இழுத்தலும் முகத்துக்கு வேண்டவே வேண்டாம்.

* வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கன்னத்துக்குப் பத்து நிமிடம் ஒற்றடம் கொடுங்கள். சூட்டை முதலில் புறங்கையில் வைத்துப் பாருங்கள்.

* இளஞ்சூடான நல்லெண்ணெய் நாலு சொட்டு போதும். பல்லைக் கடித்தால் புடைக்கிற இடத்தைக் கண்டுபிடித்து, கடியை விட்டுவிடுங்கள்.

* இரண்டு மூன்று விரல் நுனிகளால், சின்ன வட்டமாக, மெதுவாக அழுத்தித் தேயுங்கள். கன்ன எலும்பின் கீழிருந்து தாடை முனை வரை இரண்டு நிமிடம். பிறகு நெற்றிப் பொட்டில் ஒரு நிமிடம்.

* ‘வலிக்குது, ஆனா இதமா இருக்குது’ என்கிற அளவுதான் அழுத்தம். முகம் சுளித்தால் அது அதிகம்.

* காலையில் ஒரு தடவை, படுக்கும் முன் ஒரு தடவை. முகப்பரு அதிகமாக இருப்பவர்கள் எண்ணெய் இல்லாமலே செய்யலாம்.

கழுத்தின் முன்பக்கம் நாடி துடிக்கும் இடத்தை அழுத்தாதீர்கள். சலூனில் தலையைப் பிடித்துக் கழுத்தை ‘மடக்’கென்று சொடக்கு எடுப்பதற்கும் இடம் கொடுக்காதீர்கள். கழுத்து ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரை போனவர்கள் உண்டு.

‘இதெல்லாம் பாட்டி வைத்தியம்’ என்று சிரிக்கிறவர்களுக்கு ஒரு தகவல். தாடை மூட்டு வலி நாள்பட்டுப் போனவர்களுக்காக 2023-ல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ வெளியிட்ட வழிகாட்டுதலில், வலிக்கும் தசை முடிச்சுகளைக் கையால் அழுத்திவிடுவதும், தாடைப் பயிற்சியும், மனசைப் பழக்கும் சிகிச்சையும் வலுவாகப் பரிந்துரைக்கப்பட்டுள்ளன.

பகலில் ஒரு பாடம்

தேய்ப்பது பத்து நிமிடம். கடிப்பது பத்து மணி நேரம் என்றால் வலி எப்படிப் போகும்? உதடு சேர்ந்திருக்கட்டும், பல் சேரக் கூடாது. நாக்கின் நுனி மேல்பல்லுக்குப் பின்னால் மெதுவாகத் தொட்டிருக்கட்டும். தாடைக்கு ஓய்வு அதுதான். அடுப்படியிலும் செல்போனிலும் ஒரு சின்னப் பொட்டை ஒட்டி வையுங்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் ‘பல்லு தொடுதா?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். முறுக்கு, சீடை, கரும்புக்குக் கொஞ்ச நாள் லீவு! கொட்டாவி வந்தால் தாடைக்குக் கீழே கையைக் கொடுத்துத் தாங்குங்கள். ராத்திரி பல் கடிப்பவர்கள் பல் மருத்துவரிடம் உறை போடுவது பற்றிக் கேளுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் குறையவில்லை என்றாலோ, வாய் திறந்தபடியே மாட்டிக்கொண்டாலோ மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

அந்த அம்மா மூன்று வாரம் கழித்து வந்தார். “முழுசாப் போகலீங்க. ஆனா சோறு மென்னு திங்க முடியுதுங்க” என்றார். கணவர் சிரித்துக்கொண்டே, “ராத்திரி எண்ணெய் தேச்சு விடறது நான்தானுங்க. அப்பத்தான் இவ மனசுவிட்டுப் பேசறா” என்றார்.

வலி குறைந்ததில் எண்ணெய்க்கு எவ்வளவு பங்கு, அந்தப் பேச்சுக்கு எவ்வளவு பங்கு என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை. உங்கள் வீட்டிலும் யாராவது பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டிருக்கலாம். படி ஏறும்போது வலிக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லை என்றால், இன்று ராத்திரியே நாலு சொட்டு எண்ணெயோடு பக்கத்தில் உட்காருங்கள்.