மாணாக்கர் விடுதியும் சிநேக வளர்ச்சியும்

நிலக்கோட்டை, வத்தலக்குண்டு முதலிய ஊர்களைச் சூழ்ந்த கிராமங்களிலிருந்து கல்வி நிமித்தம் வீட்டை விட்டு விடுதியில் வசிக்கப் புறப்படும் பிள்ளைகளுள் பலர், தங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிப்பவராவர். ஊரில் திண்ணையும் கிணற்றடியும் கோயில் வாசலும் இருந்தபடியால், பேச்சுத் துணை தேடி அவர்கள் அலைந்ததில்லை. விடுதியிலோ நூறு பேர் நடுவிலும் தனிமை நேரிடக்கூடும். அதனைப் பொறாது முதற் பருவத்திலேயே படிப்பை நிறுத்தி ஊர் திரும்புவோரும் உளர். ஆகையால், தலைக்கு இத்தனை சதுர அடி என்று கணக்கிட்டுச் சுவரெழுப்புவதோடு விடுதி கட்டுவோர் கடமை தீர்ந்துவிடுவதில்லை.

சிநேகம் குணத்தால் மாத்திரம் விளைவதன்று. கதவும் படிக்கட்டும் இருக்குமிடத்தாலும் விளைகின்றது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் மாணாக்கர் குடியிருப்பை ஆராய்ந்து, பெஸ்டிங்கர் என்னும் உளநூலாரும் அவரது துணைவரும் 1950ல் ஒரு நூல் வெளியிட்டனர். மாடிக்கு ஐந்தாக வரிசையாயிருந்த வீடுகளில், அடுத்த வீட்டாரை நண்பரெனக் குறித்தது நூற்றுக்குச் சுமார் 41 வீதம். அதே மாடியின் மறுகோடி வீட்டாரைக் குறித்தது சுமார் 10 வீதமே. இடையிலிருந்த தூரமோ சில பத்தடிகள்தாம்! படிக்கட்டருகே வசித்தவர்களுக்கு மற்ற மாடியாருடனும் பழக்கம் அதிகம் ஏற்பட்டது. எதிர்பாராது பலமுறை சந்திக்க நேர்வதே இதற்குக் காரணமாகும்.

எனில் எல்லோரையும் ஒரே கூடத்தில் அடைத்துவிட்டால் போதுமென்று எண்ணுதல் தவறு. நீண்ட ஒரே நடைகூடத்தில் சுமார் 34 பேர் ஒரு குளியலறையைப் பங்கிட்டு வாழ்ந்த விடுதியையும், அறுவர் அளவில் சிறு தொகுதிகளாகப் பிரிந்த விடுதியையும் பாம், வாலின்ஸ் என்னும் இருவர் ஒப்பிட்டு 1977ல் எழுதினர். முன்னதில் வசித்தோர் நெருக்கடியை அதிகம் உணர்ந்து, பிறரைக் காணாதது போல் ஒதுங்கலாயினர். யாரை எப்போது சந்திப்பது என்பது தம் வசத்தில் இல்லாதபோது மனிதன் கதவைச் சாத்திக்கொள்கிறான்.

திண்டுக்கல் சமவெளி வெயில் மிகுந்த நாடு. இங்கே சிறு முற்றத்தைச் சுற்றி ஆறு முதல் எட்டு அறைகள், அவற்றின் முன்னே ஒருவர் அமரவும் மற்றொருவர் தடையின்றி நடக்கவும் இடமுள்ள தாழ்வாரம், அதன் ஓரத்தில் திண்ணை, நடுவில் வேம்போ புங்கமோ என்னும் அமைப்பு உஷ்ணத்தையும் தணிக்கும், பேச்சையும் வளர்க்கும். குடிதண்ணீர்த் தொட்டியும் துணி துவைக்கும் கல்லும் யாவரும் கடந்து செல்லும் வழியில் நிழலோடு இருத்தல் வேண்டும். அவற்றைக் கொல்லைப்புறத்து மூலையில் ஒளிப்பது நம்மவரிடையே பழகிப்போன பிழை. அதேசமயம் தனித்துப் படிக்க விரும்புவோனுக்கு ஓசையற்ற ஓரிடமும் இன்றியமையாதது.

உணவுக்கூடத்தின் விஷயம் இன்னும் முக்கியமானது. வ. வே. சு. ஐயர் 1922ல் தொடங்கிய சேரன்மாதேவி குருகுலத்தில் சில பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியே உணவு பரிமாறப்பட்டது மாகாணமெங்கும் பெருங்கிளர்ச்சியை எழுப்பியது. தேசபக்தியும் உடற்பயிற்சியும் கற்பித்த அந்நிலையத்தில், இரண்டு பந்திகள் அனைத்தையும் கெடுத்துவிட்டன. ஒரே கூடம், ஒரே சமையல், வந்த வரிசைப்படி இருக்கை என்பதைக் கட்டட வரைபடத்திலேயே உறுதிசெய்துவிட்டால், பிரிவினைக்கு மூலை கிடையாது.

இவ்வட்டாரத்திலேயே கண்கூடான உதாரணம் சின்னாளபட்டியை அடுத்த காந்திகிராமம். டாக்டர் சௌந்தரமும் அவர் கணவர் ஜி. ராமச்சந்திரனும் 1947ல் சிறுமலையின் மேற்கே அதனை நிறுவினர்; 1956ல் கிராமிய உயர்கல்வி நிலையம் அங்கே ஏற்பட்டு, 1976ல் பல்கலைக்கழகத்துக்குச் சமமான நிலை பெற்றது. ராமச்சந்திரன், மரத்தடியில் வகுப்பு நடத்திய சாந்திநிகேதனத்தில் பயின்றவர். கூட்டுப் பிரார்த்தனை, உடலுழைப்பு, அண்டைக் கிராமங்களில் தொண்டு ஆகியன அங்கே கல்வியின் அங்கங்களாக்கப்பட்டன. மண்வெட்டியைச் சேர்ந்து பிடித்தவர்களுக்கு அறிமுகம் செய்துவைக்க மூன்றாமவர் தேவைப்படுவதில்லை.

ஏற்கெனவே நீண்ட நடைகூடத்தோடு கட்டப்பட்டுவிட்ட விடுதிகளை இடிக்க வேண்டுவதில்லை. சுமார் 40 பேர் வசித்த ஒரு நடைகூடத்தின் நடுவே மூன்று அறைகளைப் பொதுக்கூடமாக்கிக் கதவிட்டு, இருபது இருபது பேராகப் பிரித்துப் பார்த்ததில், நெருக்கடி உணர்வு குறைந்து சிறு குழுக்களும் சிநேகமும் உண்டானதாக 1980ல் பாமும் டேவிஸும் வெளியிட்ட ஆராய்ச்சி தெரிவிக்கிறது. சில படுக்கைகள் குறையும். செலவோ சில கதவுகளும் ஒரு கொத்தனாரின் சில நாட் கூலியுமே.