பூசையறை வாளின் வயது

ஆயுத பூசை நெருங்கும்போதெல்லாம் கொங்கு நாட்டுப் பட்டறைகளில் ஒரு வேலை கூடுகிறது. குலதெய்வக் கோயில்களிலும் பழைய பட்டக்காரர் குடும்பங்களிலும் வழிவழியாக இருந்துவரும் வாள்கள் சாணை பிடிக்கவும் முலாம் பூசவும் கொண்டுவரப்படுகின்றன. கோவைப் பட்டறைக்காரர்களின் கைத்திறன் ஊரறிந்தது. இருநூறு ஆண்டுப் பழமையுள்ள வாளை ஒரு மணி நேரத்தில் புது எவர்சில்வர் பாத்திரம்போல மின்னச் செய்துவிடுவார்கள். அது எந்தக் காலத்தது, எந்த நாட்டு எஃகு, யாருடைய முத்திரை அதில் இருந்தது என்பதற்கான சான்றுகள் அந்த ஒரு மணி நேரத்தில் தூளாகித் தரையில் உதிர்ந்துவிடும்.

பல ஆண்டுகளாகப் பழைய வாள்களைத் தேடிச் சென்று பார்ப்பதும், அளந்து குறித்துவைப்பதும் என் வழக்கம். நான் பார்த்தவற்றில் சரிபாதிக்கு மேல் இவ்வாறு 'புதுப்பிக்கப்பட்டவை'. அவற்றைப் பற்றி உறுதியாக எதையும் சொல்ல முடிவதில்லை.

இந்த இழப்பு கொங்கு மண்ணில் நிகழ்வதுதான் வேதனை. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகம் நடத்திய அகழாய்வுகளில் இரும்பையும் எஃகையும் உருக்கிய உலைகளின் எச்சங்கள் வெளிப்பட்டன. அங்குள்ள ஈமச்சின்னங்களில் இறந்தோருடன் வைக்கப்பட்ட வாள்களும் அம்புமுனைகளும் கிடைத்தன. பதிற்றுப்பத்து குறிப்பிடும் கொடுமணம் இந்த ஊரே என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. மூசையில் உருக்கிய தென்னிந்திய எஃகை ஐரோப்பியர் 'வூட்ஸ்' என்றழைத்தனர். கன்னடத்து 'உக்கு' என்ற சொல்லின் திரிபு அது என்பர். நம் 'உருக்கு' அதற்கு உறவு. 1795இல் இலண்டன் ராயல் சொசைட்டியில் ஜார்ஜ் பியர்சன் இந்த எஃகைப் பற்றிக் கட்டுரை படித்தார். பின்னாளில் மைக்கேல் ஃபாரடேயும் இதன் இரகசியத்தை அறிய முயன்றார்.

இந்த எஃகில் கரிமத்தின் அளவு ஏறத்தாழ 1 முதல் 2 சதவீதம் வரை இருக்கும். பக்குவமாக அடித்துத் தட்டிய அலகின் மேற்பரப்பில் நீரலை போன்ற மெல்லிய கோடுகள் தோன்றும். பாலிஷ் போட்டால் அக்கோடுகள் மறையும். சாணைச் சூடு அதிகமானால் எஃகின் உள்ளமைப்பே கெட்டுவிடக்கூடும்.

கோடுகள் இல்லாததாலேயே ஒரு வாள் மதிப்பற்றதாகிவிடாது. என்னைக் கேட்டால், தென்னாட்டு வாள்களில் மிகச் சுவையானவை கலப்பினங்களே. போர்த்துகீசியர் காலம் தொட்டு ஐரோப்பிய அலகுகள் நம் துறைமுகங்களில் ஏராளமாக வந்திறங்கின. நம் கொல்லர்கள் அவற்றுக்கு நம் கைக்கு ஏற்ற பிடியைப் பொருத்தினர். 'ஃபிராங்கி' என்று பெயர்பெற்ற இவ்வாள்களைக் கண்டறிய அலகின் மேற்பகுதியை, அதாவது பிடிக்கு அருகிலுள்ள பகுதியை, சாய்ந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஓடும் ஓநாய் உருவம் தெரிந்தால் அது ஜெர்மானிய நகரங்களான பாஸாவ், சோலிங்கன் ஆகியவற்றின் முத்திரையாக இருக்கலாம். எதிரெதிராக அமைந்த பிறை போன்ற வளைகோடுகளும் அவற்றின் ஓரத்தில் பற்களும் தெரிந்தால், ஜெனோவாவின் முத்திரையோ அதைப் பார்த்துச் செய்த நகலோ ஆகும். புகழ்பெற்ற முத்திரைகளை ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் தாராளமாக நகலெடுத்தார்கள் என்பதால், முத்திரையை மட்டும் நம்பி முடிவுக்கு வரக்கூடாது.

அலகும் பிடியும் சேருமிடம் இன்னும் உண்மையான சாட்சி. தக்காண, தென்னிந்திய வாள்கள் பலவற்றில் பிடியிலிருந்து இறங்கும் இரண்டு பட்டைகள் அலகை இருபுறமும் கவ்வி நிற்கும்; ஆணிகள் அவற்றைப் பிணைக்கும். வட்டத் தட்டுக் குமிழ் கொண்ட வளைந்த வாள்களில் அலகின் வால் பிடிக்குள் அரக்குக் கலவையால் ஒட்டப்பட்டிருக்கும். அந்த இடத்தில் வெல்டிங் தழும்போ, திருகாணியோ, பளபளக்கும் பசையோ தெரிந்தால் ஐயம் கொள்வது நல்லது. வாளின் வயது முழுவதும் ஒரே சீராகப் படிந்த செந்துருவும் ஐயத்துக்குரியதே. காலத்தால் வரும் கருமை மேடு பள்ளம் பார்த்துத்தான் படியும். அலகின் நடுவே ஓடும் பள்ளம் இரத்தம் வடிவதற்கானது என்று ஊரில் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும். உண்மையில் அது எடையைக் குறைத்து உறுதியைக் காப்பதற்கானது.

விற்க வருபவர்கள் சொல்லும் கதை பெரும்பாலும் ஒன்றே: திப்புவின் வாள். மைசூர்ப் படைகள் சத்தியமங்கலம், தாராபுரம், கோவை எனச் சுற்றிவந்த நாடு இது. ஆகவே கதைக்கு இடமுண்டு. திப்புவின் படுக்கையறை வாள் என்று அறியப்பட்ட ஒன்று 2023 மே மாதம் இலண்டன் போன்ஹாம்ஸ் ஏலத்தில் 1.4 கோடி பவுண்டுக்கு விற்றது. கதைகளின் விலையும் கூடவே ஏறிவிட்டது. கதையைக் கேட்டுக்கொள்ளலாம், பணம் கொடுப்பதாயின் இரும்புக்கு மட்டும் கொடுக்க வேண்டும்.

தெற்குப் பிலிப்பைன்ஸின் மோரோ மக்களுடைய வாள்களைச் சேகரிப்போர் இத்துறையில் நமக்கு வெகுதூரம் முன்னே நிற்கிறார்கள். மோரோ கிரிஸ் வாளில் பிடியை ஒட்டிய அகன்ற பகுதி பழங்காலத்தில் தனித்துண்டாகச் செய்யப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதிக்குப் பின் செய்யப்பட்டவற்றில் பெரும்பாலும் அந்த இணைப்பு இல்லை. வெறும் கோடு கீறியிருப்பார்கள். அந்த ஒரு கோட்டைக் கொண்டே வாளின் காலத்தை ஓரளவு கணிக்கிறார்கள். அமெரிக்க வீரர்கள் கவர்ந்து சென்ற நூற்றுக்கணக்கான வாள்களை உரிமையாளர்கள் அளந்து, படமெடுத்து, ஒப்பிட்டுப் பார்த்ததால் வந்த அறிவு இது. கொங்கு நாட்டுக் கோயில் வாள்களுக்கு அத்தகைய ஒப்பீட்டுப் பட்டியல் எதையும் நான் கண்டதில்லை.

நம்மிடம் இருந்ததும் எப்படிப் போயிற்று? 1855இல் தஞ்சை மராட்டிய மன்னர் வாரிசின்றி இறந்தபின் அரண்மனை ஆயுதசாலை கலைக்கப்பட்டது. ஒரு பகுதியே சென்னை அருங்காட்சியகத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. எஞ்சியவற்றுள் பெரும்பங்கு உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விற்கப்பட்டது. இதை 1878இல் எழுதிவைத்த வால்ஹவுஸ் என்னும் ஆங்கில அதிகாரி, கோவை மாவட்டத்துக் கல்திட்டைகளைப் பற்றியும் எழுதியவர். அன்று அந்நியர் செய்ததை இன்று நாமே சில்லறையாகச் செய்துகொண்டிருக்கிறோம்.

பராமரிப்பு கடினமானதன்று. புளி, எலுமிச்சை, செங்கல் தூள் எதுவும் எஃகின்மேல் படக்கூடாது. பித்தளைக் குத்துவிளக்குக்குப் பொருந்தும் முறை வாளுக்குப் பொருந்தாது. சந்தனமும் குங்குமமும் இடுவது மரபு, இடட்டும். மறுநாளே துடைத்துவிட்டு மெல்லிய இயந்திர எண்ணெயைத் துணியில் தொட்டுத் தடவினால் போதும். தோலுறை ஈரத்தை ஈர்க்கும் என்பதால் வாளை உறைக்கு வெளியே வைப்பதே நலம்.

பல குடும்பங்கள் வாளை மறைப்பதற்கும் இரவோடிரவாகப் பழைய இரும்புக்காரரிடம் போடுவதற்கும் காரணம் காவல்துறை மீதான அச்சம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி வாளும் ஆயுதமே. எனினும், துப்பாக்கியல்லாத ஆயுதங்களை வைத்திருக்க உரிமம் தேவைப்படுவது மத்திய அரசு அதற்கென அறிவித்த பகுதிகளில்தான். தொன்மை மதிப்புடைய ஆயுதங்களுக்கு அச்சட்டமே விலக்கும் அளிக்கிறது. இது தெருவில் ஏந்திச் செல்வதற்கான அனுமதியன்று. நூறாண்டு கடந்த தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. உழும்போதோ கடைக்கால் தோண்டும்போதோ கிடைத்தால், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும்.

இவற்றை எளிய தமிழில் அச்சிட்டு ஊராட்சி அலுவலகங்களில் ஒட்டுவதற்கு அரசுக்குப் பெரும்செலவு ஆகாது. கோவை, ஈரோடு அரசு அருங்காட்சியகங்கள் ஆயுத பூசைக்கு முந்தைய வாரங்களில் ஆவணப்படுத்தும் முகாம்களை நடத்தலாம். வாளைக் கேட்டு வாங்கக் கூடாது. கேட்டால் ஒருவரும் வரமாட்டார்கள். நீளம், அகலம், எடை, நான்கு ஒளிப்படங்கள், குடும்பத்தார் சொல்லும் வரலாறு ஆகியவற்றைப் பதிந்துகொண்டு, வந்த வாளை வந்தவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வாள் மீண்டும் பூசையறைக்கே செல்லட்டும்.