அங்கோர் கோவில்களில் ஒரு நாள்

பொழுது இன்னும் விடியவில்லை. வானத்தில் நட்சத்திரங்கள் மின்னுகின்றன. ஆனால் அந்தக் குளக்கரையில் நூற்றுக்கணக்கானவர்கள் கூடி நிற்கிறார்கள். பல நாட்டவர், பல மொழியினர். எல்லோருடைய கண்களும் கிழக்கையே பார்க்கின்றன.

மெல்ல மெல்லக் கிழக்கு வெளுக்கிறது. கரியால் வரைந்தது போல 5 கோபுரங்கள் தெரிகின்றன. கீழே, குளத்துத் தண்ணீரிலும் 5 கோபுரங்கள்! கோபுரங்களுக்குப் பின்னால் இருந்து சூரியன் எட்டிப் பார்க்கிறது. கூட்டத்தில் பேச்சே இல்லை.

இதுதான் அங்கோர் வாட். உலகத்தில் உள்ள வழிபாட்டுக் கட்டிடங்களில் மிகப் பெரியது என்று பெயர் பெற்ற கோவில்.

தாய்லாந்துக்கும் வியட்நாமுக்கும் நடுவே இருக்கிறது கம்போடியா நாடு. அங்கே சியம் ரீப் என்ற ஊரில் இருந்து சுமார் 4 மைல் தூரம் போனால் இந்தக் கோவில் வந்துவிடும். "நகரம்" என்ற வடமொழிச் சொல்தான் அந்த நாட்டு மக்களின் வாயில் "அங்கோர்" ஆயிற்று. "வாட்" என்றால் கோவில். கம்போடியா நாட்டுக் கொடியின் நடுவே பாருங்கள். இந்தக் கோவில்தான் இருக்கும்!

கடல் போல ஒரு அகழி

கோவிலுக்குள் போக வேண்டுமானால் முதலில் அகழியைத் தாண்ட வேண்டும். அதன் அகலம் சுமார் 620 அடி! நடுவே கல் பாலம் போட்டு இருக்கிறார்கள். அகழிக்கு உட்பட்ட கோவில் நிலத்தின் பரப்பு சுமார் 400 ஏக்கர்.

இதைக் கட்டியவன் இரண்டாம் சூரியவர்மன். 1113-ம் ஆண்டு பட்டத்துக்கு வந்தவன். திருமாலுக்காக இந்தக் கோவிலை எழுப்பினான். நடுக் கோபுரத்தின் உயரம் சுமார் 213 அடி. தேவர்கள் வாழும் மேரு மலையை இந்த மண்ணில் எழுப்பிக் காட்ட வேண்டும் என்பது அவன் எண்ணம். 5 கோபுரங்களும் மேருவின் 5 சிகரங்கள். அகழிதான் உலகைச் சூழ்ந்த கடல்.

இவ்வளவு கல் எங்கிருந்து வந்தது? சுமார் 25 மைலுக்கு அப்பால் குலேன் மலை இருக்கிறது. அதன் அடிவாரத்தில் வெட்டிய மணற்கல் இது. கால்வாய் வழியே தண்ணீரில் ஏற்றி வந்திருக்க வேண்டும் என்று ஆராய்ச்சியாளர்கள் கூறுகிறார்கள். பல கற்களில் விரல் அளவு துளைகள் தெரிகின்றன. குண்டு துளைத்த தழும்போ என்று பயணிகள் சந்தேகப்படுவது உண்டு. அப்படி அல்ல. கல்லைத் தூக்குவதற்காகப் போட்ட துளைகள் அவை.

பழகிய கதைகள்

உள்ளே சுற்று மண்டபத்தில் நுழைந்தால் சுவர் முழுவதும் சிற்பம். தமிழ்நாட்டில் இருந்து போகிறவர்களுக்கு இங்கே வழிகாட்டி தேவை இல்லை! பாட்டியிடம் கதை கேட்ட சிறுவனே போதும்.

இதோ பாற்கடலைக் கடைகிறார்கள். சிற்பத்தின் நீளம் சுமார் 160 அடி. ஒரு பக்கம் 92 அசுரர்கள். மறு பக்கம் 88 தேவர்கள். நடுவே திருமால். கீழே ஆமை. வாசுகிப் பாம்பைப் பிடித்து இழுக்கிறார்கள். இழுக்கிறவர்களின் தொடையும் தோளும் புடைத்து நிற்கின்றன. வாலின் கடைசியில் அனுமார்! இன்னொரு சுவரில் குருட்சேத்திரப் போர். மற்றொரு சுவரில் இலங்கைப் போர்.

இந்த உறவு கதையோடு நிற்கவில்லை. கம்போடியர்களின் எழுத்து, பல்லவர் காலத்து எழுத்தில் இருந்து பிறந்தது. நம் ஊரில் மகேந்திரவர்மன், நரசிம்மவர்மன். அங்கே சூரியவர்மன், ஜெயவர்மன்.

சிதம்பரம் கோவிலில் 1114-ம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. காம்போஜ நாட்டு அரசன் ஒரு கல்லைச் சோழ மன்னனுக்குக் காட்சிப் பொருளாகக் கொடுத்தான் என்றும், அது சிதம்பரம் கோவிலில் வைக்கப்பட்டது என்றும் அது சொல்கிறது. அந்தக் காம்போஜம் கம்போடியாதான் என்று ஆராய்ச்சியாளர்கள் பலர் கருதுகிறார்கள். அது குலோத்துங்க சோழன் காலம். அங்கோரில் சூரியவர்மன் பட்டத்துக்கு வந்து ஓர் ஆண்டுதான் ஆகி இருந்தது!

எட்டுக் கைப் பெருமாள்

கோவிலின் மேற்கு வாசலில் ஒரு திருமால் சிலை நிற்கிறது. எட்டுக் கைகள். பட்டுத் துணி போர்த்தி இருக்கிறார்கள். ஊர் மக்கள் ஊதுவத்தி ஏற்றி, பூ வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள்.

அவர்கள் எல்லோரும் புத்த சமயத்தார். இந்தக் கோவிலும் பல நூறு ஆண்டுகளாகப் புத்தர் கோவில்தான். ஆனாலும் பழைய தெய்வத்தை யாரும் வெளியே தள்ளவில்லை. வாசலில் அவர் இருக்கிறார். உள்ளே புத்தர் இருக்கிறார்.

மேல் தளத்துக்குப் போகும் படிகள் ஏணி போலச் செங்குத்தானவை. பழைய படிகளின் மேல் மரப்படி அமைத்துக் கைப்பிடி வைத்து இருக்கிறார்கள். தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்தி வந்தால்தான் மேலே விடுவார்கள்.

காணாமல் போன கோவிலா?

"அங்கோர் வாட் காட்டுக்குள் காணாமல் போய்விட்டது. 1860-ம் ஆண்டு ஹென்றி மூவோ என்ற பிரெஞ்சுக்காரர் அதைக் கண்டுபிடித்தார்." இப்படி ஒரு கதை உண்டு. அது முழு உண்மை அல்ல.

1296-ம் ஆண்டு ஜோ தாகுவான் என்ற சீனத் தூதர் அங்கோருக்கு வந்தார். ஓர் ஆண்டு அளவு தங்கினார். பொன் பூசிய கோபுரங்களைக் கண்டார். கடைவீதியில் வியாபாரம் முழுவதும் பெண்கள் கையில் இருப்பதைக் கண்டு வியந்து எழுதினார். 1586-ம் ஆண்டு ஒரு போர்த்துக்கீசியத் துறவி வந்து பார்த்தார்.

1632-ம் ஆண்டு ஜப்பானில் இருந்து உகோன்தாயு காசுபுசா என்ற பக்தர் கடல் கடந்து வந்தார். 4 புத்தர் சிலைகளைக் காணிக்கை செய்தார். தம் பெற்றோருக்காக வேண்டிக்கொண்டு அங்கே தூணில் எழுதி வைத்தார். அந்த எழுத்து அழிந்தும் அழியாமலும் இன்றும் தூணில் இருக்கிறது.

மூவோ வந்தபோதும் கோவிலில் புத்த பிட்சுக்கள் இருந்தார்கள். ஐரோப்பாவில் பலருக்குத் தெரியாமல் இருந்தது உண்மை. ஊர்க்காரர்களுக்கு எப்போதும் தெரிந்தே இருந்தது!

சிரிக்கும் முகங்கள்

அங்கோர் வாட்டுக்கு வடக்கே அங்கோர் தோம் என்ற கோட்டை நகரம் இருக்கிறது. அதன் நடுவில் பயோன் கோவில். அங்கே கோபுரம்தோறும் நான்கு பக்கமும் பெரிய முகங்கள். 200-க்கு மேற்பட்ட முகங்கள்! கண்ணை மூடி, உதட்டுக்குள் சிரிக்கும் முகங்கள்.

இதைக் கட்டியவன் ஏழாம் ஜெயவர்மன். 1181-ம் ஆண்டு பட்டத்துக்கு வந்தவன். 1186-ம் ஆண்டில் தன் தாயின் நினைவாகத் தா புரோம் கோவிலை அமைத்தான். நாட்டில் 102 மருத்துவமனைகள் இருந்ததாக அந்தக் கோவில் கல்வெட்டு கூறுகிறது.

தா புரோம் கோவிலைப் பார்க்கிறவர்கள் திகைத்து நிற்பார்கள். வானளாவிய மரங்கள் கோவில் கூரையின் மேல் நிற்கின்றன! மலைப்பாம்பு போன்ற வேர்கள் சுவரைத் தழுவி இறங்குகின்றன. அந்த வேர் சுவரைப் பிளக்கிறது. அதே வேர்தான் சுவரைத் தாங்கியும் நிற்கிறது. மரத்தை வெட்டினால் சுவர் விழும். மரம் சாய்ந்தாலும் சுவர் விழும். காடு மூடிய கோவில் எப்படி இருந்தது என்று காட்டுவதற்காகவே இதைப் பெரும்பாலும் அப்படியே விட்டு வைத்து இருக்கிறார்கள்.

தண்ணீர் தந்த வாழ்வு

இவ்வளவு பெரிய நகரம் ஏன் வீழ்ந்தது?

அங்கோரின் செல்வம் நெல். நெல்லுக்கு ஆதாரம் ஏரி. அவர்கள் வெட்டிய மேற்கு ஏரியின் நீளம் 5 மைல்; அகலம் ஒன்றேகால் மைல். 14, 15-ம் நூற்றாண்டுகளில் பல ஆண்டுகள் மழை பொய்த்தது. பிறகு பெருமழை கொட்டிக் கால்வாய்களைச் சிதைத்தது. பழைய மரங்களின் வளையங்களை ஆராய்ந்தவர்கள் இதைக் கண்டு சொன்னார்கள். பக்கத்து நாட்டுப் படையெடுப்பும் சேர்ந்துகொண்டது. அரசர்கள் தெற்கே போய்விட்டார்கள்.

இன்றும் கோவிலின் உயிர் தண்ணீரில்தான் இருக்கிறது. அகழி அழகுக்கு மட்டும் அல்ல. அடியில் உள்ள மணல் ஈரமாக இருந்தால்தான் அஸ்திவாரம் இறுகி நிற்கும். 2018-ம் ஆண்டில் மட்டும் சுமார் 26 லட்சம் வெளிநாட்டவர் அங்கோரைப் பார்த்தார்கள். வருகிறவர்களுக்கு எல்லாம் தண்ணீர் வேண்டும். அதற்காக நிலத்தடி நீரை அளவில்லாமல் இறைத்தால் கோவிலுக்கே ஆபத்து. அதனால் பழைய கால்வாய்களையும் ஏரிகளையும் செப்பனிட்டு நீர் நிரப்புகிறார்கள்.

3 லட்சம் கற்கள்!

எல்லாவற்றையும்விட ஆச்சரியமான கதை, பயோனுக்குப் பக்கத்தில் உள்ள பாபூவான் கோவிலின் கதை.

இது 11-ம் நூற்றாண்டில் கட்டிய சிவன் கோவில். மலை போல அடுக்கடுக்காக உயர்ந்தது. ஆனால் உள்ளே நிரப்பியது வெறும் மணலும் மண்ணும். மழை நீர் இறங்கி இறங்கிச் சுவர்கள் சரிந்தன. பிரெஞ்சு நிபுணர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். கோவிலைக் கல் கல்லாகப் பிரிப்பது. உள்ளே பலமான சுவர் எழுப்புவது. பிறகு கற்களைப் பழையபடி அடுக்குவது.

1960-ம் ஆண்டு வேலை தொடங்கியது. சுமார் 3 லட்சம் கற்களைச் சுற்றி உள்ள காட்டில் பரப்பினார்கள். ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு எண். எந்த எண் எந்த இடத்துக்கு உரியது என்று ஏட்டில் எழுதி வைத்தார்கள்.

அந்த நேரத்தில் நாட்டில் போர் மூண்டது. வேலை நின்றது. 1975-ம் ஆண்டு கெமர் ரூஜ் படை தலைநகரைப் பிடித்தது. அந்தக் கொடுமையில் ஏடுகள் அழிந்தன. ஏடுகள் மட்டுமா? 1979-ம் ஆண்டு அந்த ஆட்சி விழுவதற்குள் 15 லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் மாண்டார்கள். பட்டினியால் செத்தவர்கள் எத்தனையோ பேர். கொலைக்களத்தில் செத்தவர்கள் எத்தனையோ பேர். பிட்சுக்களின் காவி பறிக்கப்பட்டது. கோவில்களில் வழிபாடு நின்றது. காட்டுப் பாதைகளில் கண்ணிவெடிகள் புதைந்து கிடந்தன.

3 லட்சம் கற்கள் மழையிலும் வெயிலிலும் பாசி பிடித்துக் கிடந்தன. எந்தக் கல் எங்கே போகும்? சொல்ல ஏடு இல்லை.

நாட்டில் மெல்ல அமைதி திரும்பியது. இந்தியத் தொல்லியல் துறையினர் 1986 முதல் 1993 வரை அங்கோர் வாட்டில் பழுது பார்த்தார்கள். 1992-ம் ஆண்டு யுனெஸ்கோ, அங்கோரை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 1995-ம் ஆண்டு பாபூவானில் மீண்டும் வேலை தொடங்கியது.

ஒவ்வொரு கல்லையும் அளந்தார்கள். பழைய புகைப்படங்களோடு ஒப்பிட்டார்கள். கம்ப்யூட்டரைக் கொண்டு முயன்றார்கள், அது போதவில்லை. கண்ணும் கையும் அனுபவமும்தான் கைகொடுத்தன. அந்தக் கோவிலில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சாந்து கிடையாது. ஒரு கல், அதற்கு உரிய ஒரே இடத்தில்தான் சரியாகப் பொருந்தும். வேறு எங்கே வைத்தாலும் உட்காராது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. 16-ம் நூற்றாண்டில் இந்தக் கோவிலின் கற்களையே எடுத்து, அதன் பின்பக்கத்தில் சுமார் 230 அடி நீளத்துக்குப் பள்ளிகொண்ட புத்தரை அமைத்து இருந்தார்கள். புத்தரைப் பிரித்தால் சிவன் கோவிலுக்குக் கல் கிடைக்கும். ஆனால் பிரிக்கவில்லை. இருவரையும் காப்பாற்றினார்கள்.

16 ஆண்டுகள் உழைத்தார்கள். 2011-ம் ஆண்டு கோவில் எழுந்து நின்றது. கம்போடிய மன்னர் நேரில் வந்து திறந்து வைத்தார்.

மாலை நேரம்

பொழுது சாய்கிறது. அங்கோர் வாட்டின் கோபுரங்கள் பொன்னிறமாக மாறுகின்றன. பயணிகள் திரும்புகிறார்கள்.

அங்கோரில் இன்னும் பல இடங்களில் கற்குவியல்கள் கிடக்கின்றன. கதவு நிலையாக இருந்த கல். தூணாக இருந்த கல். பாதி முகம் மட்டும் தெரியும் கல். பார்ப்பதற்கு வெறும் இடிபாடு. ஆனால் ஒவ்வொன்றுக்கும் உரிய இடம் ஒன்று எங்கோ இருக்கிறது.

காலையில் அப்படி ஒரு கல்லின் மேல் காலை வைத்துச் செருப்பு வாரை இறுக்கிய பயணி, மாலையில் அதே கல்லை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு நடந்து போகிறார்.