என்ஜின் தட்டுகிறதா? பிரிக்கும் முன் கவனியுங்கள்

கம்பம் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் ஏறாத மேட்டு நிலங்களுக்குக் கிணறுதான் கதி. மின் இணைப்புக்குக் காத்திருப்போரும், திராட்சைப் பந்தலுக்கு மருந்தடிப்போரும் 5 குதிரைசக்தி டீசல் என்ஜினை நம்பியிருக்கிறார்கள். காய் பிடித்த நேரத்தில் அது ‘டொக், டொக்’ என்று தட்ட ஆரம்பித்தால் தண்ணீர் கவலை ஒரு பக்கம், பட்டறைச் செலவு ஒரு பக்கம். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பாராமல் முழு என்ஜினையும் பிரிப்பது வீண் செலவு.

முதலில் என்ஜினை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். சத்தம் அடியோடு நின்றால் பெல்ட் இணைப்புக் கொக்கி புல்லியில் அடிக்கிறதா, பம்பு பேரிங் தேய்ந்ததா என்று பார்க்கலாம். கொக்கிச் சத்தத்துக்காக என்ஜினைப் பிரித்தவர்களும் உண்டு! ஆனால் பளு இல்லாததால் சத்தம் சற்றுக் குறைந்தால் மட்டும் என்ஜின் நல்லது என்று முடிவுகட்டக் கூடாது. பிளைவீல் சாவி, அடித்தள போல்ட்டுகள் இளகியுள்ளனவா என்பதையும் பார்க்க வேண்டும்.

அடுத்து, ஓடும்போது டீசலை நிறுத்த வேண்டும். பிளைவீல் வேகத்தில் என்ஜின் சிறிது நேரம் சுற்றும். அப்போதும் தட்டினால் கோளாறு உறுப்புகளில். உடனே நின்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது எரிபொருளை.

டீசல் என்ஜினில் தீப்பொறி கிடையாது. அழுத்திச் சூடேறிய காற்றில் நாசில் டீசலைப் பனிபோல் தூவ, அது தானே பற்றுகிறது. நாசில் ஒழுகினாலோ டீசல் பெரிய துளிகளாக விழுந்தாலோ பற்றுவது தாமதமாகிறது. அதுவரை தேங்கியது ஒரே சமயத்தில் வெடித்து எரிகிறது. அந்த அடிதான் தட்டல். மண்ணெண்ணெய் கலந்த டீசலிலும் இதே தொல்லை. பம்பும் சீக்கிரம் தேயும். டீசல் பம்புக்கு அடியிலுள்ள மெல்லிய தகடுகளை, கழற்றி மாட்டும்போது குறைத்துவிட்டால் டீசல் முன்கூட்டியே பாய்ந்து தட்டும். எடுத்த தகடுகளை எண்ணி வைப்பது நல்லது. தட்டலோடு கரும்புகையும் வந்தால் நாசிலைச் சோதிக்கக் கொடுக்க வேண்டும். தூவும் நாசிலுக்கு முன் கை வைக்கக் கூடாது. சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 200 கிலோ அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் ஊசிமுனை அளவே இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

உறுப்புச் சத்தங்களில் மெல்லிய ‘டிக் டிக்’ டேப்பட்டுடையது. இரண்டு சுற்றுக்கு ஒரு முறை கேட்கும். இடைவெளியைச் சரிசெய்தால் போதும். குளிர்ந்த என்ஜினில் தட்டி, சூடேறியதும் அடங்கினால் பிஸ்டனும் லைனரும் தேய்ந்துள்ளன. அறுவடை வரை ஓட்டலாம்.

பளு ஏற ஏறக் கனமாகத் தட்டினால் கனெக்டிங் ராடு பேரிங் என்று சந்தேகிக்க வேண்டும். இதில் மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. என்ஜின் நின்றபின் பக்கவாட்டு மூடியைத் திறந்து ராடைக் கையால் மேலும் கீழும் அசைக்க வேண்டும். பக்கவாட்டில் சிறிது ஆடுவது இயல்பு. மேல்கீழாக ஆடினால் பேரிங் தேய்ந்துவிட்டது. கிராங்க் கழுத்தில் கோடு விழுந்திருந்தால் புதுப் பேரிங் மட்டும் போட்டுப் பயனில்லை. கழுத்தைச் சாணை பிடித்து அதற்கேற்ற அளவுப் பேரிங் போடும்படி மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டும்.