புறாத்தீவில் ஒரு முற்பகல்

நிலாவெளிக் கரையிலிருந்து புறாத்தீவு ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தூரம்தான். ஆனால் வள்ளத்தில் ஏறினால்தான் போகலாம். 1963இல் சரணாலயமான இத்தீவு, 2003இல் தேசிய பூங்காவாயிற்று. பாறைகளில் கூடுகட்டும் மாடப்புறாக்களே பெயருக்குக் காரணம்.

விடுமுறையில் வாப்பா எங்களைக் கூட்டிச் சென்றார். மாலைக்குள் திரும்பவேண்டும் என்றதும், கூடாரமடிக்கும் கனவோடு வந்த தம்பிக்கு முகம் வாடிவிட்டது. பாறைமேட்டில் சிறிது நடந்தோம். கரையெல்லாம் உடைந்த முருகைக்கல். செருப்பின்றி நடக்க முடியாது.

பிறகு கடலில் இறங்கினோம். நீந்திக் களைத்த நான் ஓர் உருண்டைக் கல்லின்மேல் காலூன்றினேன்.

"மகள், அது கல்லில்ல, உசிரு! இறங்குங்க!" என்று வள்ளக்காரர் சத்தமிட்டார்.

முருகை என்பது நுண்ணிய உயிர்கள் கூடிக் கட்டும் சுண்ணாம்பு வீடு. உயிருள்ள பகுதி மேலே மெல்லிய படையாகவே இருக்கும். கால் உரசினாலே சிதைந்துவிடும். உருண்டை வகைகள் ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவே வளர்வதால், நான் மிதித்தது வாப்பாவைவிட மூத்ததாகவும் இருக்கலாம். வெட்கமாய்ப் போயிற்று.

உம்மாவுக்குக் காட்டவென்று பையில் எடுத்துவைத்திருந்த வெள்ளைத் துண்டைக் கரையிலேயே வைத்துவிட்டு வள்ளமேறினேன்.