அம்மாவின் உழக்கு

"அப்பா, அதிரசம் எண்ணெய்ல போட்டதும் கரைஞ்சு காணாமப் போயிட்டு!"

பெங்களூரிலிருந்து மகள். குரலில் அழுகை. என் அம்மா போய் வருஷம் திரும்பி வருகிற முதல் தீபாவளி. ஆச்சி படத்துக்கு முன்னால் ஆச்சி சுடுகிற கருப்பட்டி அதிரசத்தையே வைக்கணும் என்று ஆசை. இது ஒத்திகை!

அம்மாவின் நோட்டைக் கொடுத்தனுப்பியவன் நான்தான். அதில் அளவு ஒரே வரி: 'பச்சரிசி 4 உழக்கு, கருப்பட்டி 22 பலம்.'

பலத்தில் பிழையில்லை. ஒரு பலம் 35 கிராம் என்று போட்டு 770 கிராம் நிறுத்திருக்கிறாள். உழக்கில்தான் வந்தது வினை. யாரோ ஒரு மாமி, "உழக்குன்னா 168 மில்லி" என்றாராம். அது ஆழாக்கு! இரண்டு ஆழாக்கு சேர்ந்தால்தான் உழக்கு. பாதி அரிசிக்கு முழுக் கருப்பட்டி. கரையாமல் என்ன செய்யும்?

கிலோ, லிட்டருக்கு 1956-லேயே சட்டம் போட்டார்கள். எங்கள் வண்ணார்பேட்டை வீட்டு அடுக்களைக்குள் மட்டும் அது நுழையவில்லை. தானியத்துக்கு உழக்கு, கட்டிச் சரக்குக்குப் பலம். அதிலும் நியாயம் இருக்கிறது. உடைத்த கருப்பட்டியை உழக்கில் போட்டால், பாதி இடத்தில் காற்றல்லவா உட்கார்ந்திருக்கும்!

பரணைக் குடைந்து உழக்கை எடுத்தேன். ஆனித் தேரோட்டத்துக்குப் போனபோது டவுனில் அம்மா வாங்கிய பித்தளை உழக்கு. நேரே மளிகைக் கடைத் தராசு.

முதலில் தண்ணீர்.

"என்ன அண்ணாச்சி, தண்ணியவும் எடை போட்டா வாங்குதிய?" என்றார் கடைக்காரர்.

330 கிராம். தண்ணீரில் மட்டும் கிராமும் மில்லியும் ஒன்று. ஆக உழக்கு 330 மில்லி. அதே உழக்கில் தலை தட்டி அளந்த பச்சரிசி 275 கிராம். சீனி 280. அரிசி மாவு 190-தான்! 'ஒரு கப் என்றால் 250 கிராம்' என்று எல்லாவற்றுக்கும் ஒரே கணக்குப் போடுகிறவர்கள் கவனிக்க. அரிசியைக் கோபுரமாய் அளந்தால் இன்னும் ஒரு கைப்பிடி கூடும். அம்மா தலை தட்டித்தான் அளப்பாள். புறங்கையால் வழிக்கிற அந்தச் சத்தம் காதில் இருக்கிறது.

போனில் சொன்னேன்: "அரிசி ஒரு கிலோ நூறு கிராம். ஊறினா உப்பிரும், அதனால ஊறப் போடறதுக்கு முந்தி நிறுக்கணும். கருப்பட்டி அதே 770."

"பாகு எத்தனை நிமிஷம்ப்பா?"

அதற்கு ஏது தராசு? தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்த்தால் உருளணும். அவ்வளவுதான்.

நாலு நாள் கழித்துப் போட்டோ வந்தது. ஒன்றுகூடக் கரையவில்லை. ஓரம் லேசாக் கருகல். ஆச்சிக்கும் அப்படித்தான் வரும்.

"கிராம் கணக்கெல்லாம் சரிப்பா. அந்த உழக்கை எனக்கே குடுத்துருங்களேன்" என்கிறாள்.

புளி போட்டுத் துலக்கி, காகிதத்தில் சுற்றி மேஜை மேல்தான் வைத்திருக்கிறேன். மூன்று நாளாக.