காட்டிலும் இருப்புக் கணக்கு

மார்ச் 31 வந்தால் நாம் இருப்பு எடுக்கிறோம். மூடையை எண்ணிவிடலாம், ஒளிந்து திரியும் புலியை எப்படி எண்ணுவது?

நமது ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் 1988-இல் சாம்பல் நிற அணில் சரணாலயம் அமைந்தது. 2021 பிப்ரவரியில் மேகமலையுடன் சேர்ந்து புலிகள் காப்பகமானது. நாடு முழுவதும் 4 ஆண்டுக்கு ஒருமுறை புலிக் கணக்கு எடுக்கிறார்கள். முன்பு கால்தடம் பார்த்து எண்ணினார்கள். ஒரே புலியை இருமுறை எழுதிவிடும் தவறு அதில் நேரும். இப்போது காட்டுப் பாதையின் இருபுறமும் தானியங்கிக் கேமரா கட்டுகிறார்கள். புலியின் வரிகள் நமது கைரேகை போல. ஒன்றுக்கு இருப்பது மற்றொன்றுக்கு இராது. இடப்பக்கமும் வலப்பக்கமும்கூட வேறுதான். படம் எடுத்த புலிகளே எத்தனை முறை திரும்பச் சிக்குகின்றன என்பதை வைத்து, சிக்காதவற்றையும் மதிப்பிடுகிறார்கள். 2022 மதிப்பீட்டில் இந்தியாவில் 3,682 புலிகள், தமிழகத்தில் 306.

அணிலுக்கு வேறு வழி. குறித்த பாதையில் நடந்து அணில்களையும் கூடுகளையும் எண்ணுவார்கள். ஓர் அணில் பல கூடு கட்டும். கூட்டை மட்டும் எண்ணினால் கணக்கு தப்பும். கிளைக்குக் கிளை தாவிப் போகும் பிராணி அது. நடுவில் மரங்களை வெட்டினால் அதன் வழி அடைபட்டுவிடும்.

இதில் நமக்கென்ன? இந்தக் கணக்கு ஆண்டுக்காண்டு இறங்கினால் காடு நலிகிறது என்று முன்கூட்டியே தெரியும். மலையில் பெய்யும் மழைதான் நம் கண்மாய்களுக்கு வருகிறது. விவசாயிக்கு விளைந்தால்தான் நம் கல்லாவிலும் காசு.

அமாவாசை, பௌர்ணமிக்குச் சதுரகிரி செல்லும் பக்தர்கள் நம் கடைகளில்தான் சாமான் வாங்குகிறார்கள். அதைத் துணிப்பையிலோ காகிதத்திலோ கட்டிக் கொடுப்போம். பிளாஸ்டிக் பைக்குத் தமிழகத்தில் 2019 முதல் தடையும் உள்ளது.